‘கேன்சர் இல்லை’ என்று சொன்ன ரிப்போர்ட்

போன வாரம் வந்த மெயில்களில் ஒன்று இது. எழுதியவர் நம் நெடுநாள் வாசகி.

அவருடைய கணவருக்கு 58 வயது. நான்கு மாதமாகக் குரல் கரகரப்பு. சிகரெட் பழக்கம் உண்டு. ஈ.என்.டி. டாக்டர் பார்த்துவிட்டு, ‘குரல் நாணில் வெள்ளையாக மரு மாதிரி ஏதோ இருக்கிறது’ என்று சொல்லி, ஒரு துணுக்கு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறார். கேன்சர் இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. குலதெய்வத்துக்குப் பொங்கலும் வைத்தாயிற்று. ஆனால் டாக்டரோ, ‘இன்னொரு முறை, இன்னும் கொஞ்சம் ஆழமாக எடுத்துப் பார்த்துவிடலாம்’ என்கிறாராம்.

‘இல்லை என்று வந்த பிறகும் எதற்கு இன்னொரு பயாப்ஸி? காசு பார்க்கிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது. திரும்பத் திரும்பக் கத்தி வைத்தால் இல்லாத கேன்சரும் வந்துவிடும் என்று மாமியார் வேறு பயப்படுகிறார். என்ன செய்யட்டும் டாக்டர்?’

செய்துகொள்ளச் சொல்லுங்கள் அம்மா. கணவரை நேரில் பார்க்காமல் அவருக்கு என்ன நோய் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் உங்கள் டாக்டர் கேட்பது நியாயமான விஷயம். அது ஏன் நியாயம் என்பதைப் புரியவைக்க, ஜெர்மனியின் அரண்மனையில் நடந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும். ஈ.என்.டி. படிக்கிறவர்கள் எல்லோரும் எப்போதாவது கேள்விப்பட்டிருக்கும் கதை இது. உலகத்தின் மிகப் பெரிய நிபுணர் பார்த்து ‘கேன்சர் அறிகுறி இல்லை’ என்று எழுதிக்கொடுத்த ரிப்போர்ட்டின் கதை.

இளவரசரின் தொண்டை

1887 ஜனவரி. ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் ஃபிரெடரிக்குக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வயது 55. ஓங்குதாங்கான ஆள், போர்களில் படை நடத்தியவர். இங்கிலாந்து விக்டோரியா மகாராணியின் மூத்த மருமகன். விடாமல் பைப் புகைப்பவர். குளிர்காலத்து ஜலதோஷம்தானே என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். ஜலதோஷம் போனது, கரகரப்பு போகவில்லை.

மார்ச் மாதம் பெர்லின் பேராசிரியர் கெர்ஹார்ட் வந்து கண்ணாடி வைத்துப் பார்த்தார். இடது குரல் நாணில் சின்னதாக ஒரு முளை.

அந்தக் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை. உயிரோடு இருப்பவரின் குரல் நாணைப் பார்க்கும் வழியை உலகத்துக்குக் காட்டியவர் டாக்டர் இல்லை, பாட்டு வாத்தியார்! மானுவேல் கார்சியா என்ற ஸ்பெயின்காரர். பாடும்போது தொண்டைக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்கும் ஆசையில், 1854-ல் பாரிஸில் பல் டாக்டர்கள் வைத்திருக்கும் நீளக் காம்புக் கண்ணாடி ஒன்றைத் தன் வாய்க்குள் விட்டு, சூரிய வெளிச்சத்தை அதன்மேல் விழவைத்துத் தன் குரல் நாண்களைத் தானே பார்த்தார். 101 வயது வரை வாழ்ந்தார் மனிதர். அந்தக் கண்ணாடியின் வாரிசுகள் இன்றும் எங்கள் மேஜையில் இருக்கின்றன.

கெர்ஹார்ட்டுக்கு வருவோம். அவர் அந்த முளையைக் கம்பி வளையம் போட்டு எடுக்கப் பார்த்தார். முடியவில்லை. மின்சாரத்தில் பழுக்கக் காய்ந்த கம்பியால் பல நாட்கள் சுட்டார். சுட்ட இடத்தில் அது திரும்ப முளைத்தது. மே மாதம் அறுவை சிகிச்சை நிபுணர் பெர்க்மான் வரவழைக்கப்பட்டார். ‘இது புற்றுதான். குரல்வளையை வெளியிலிருந்து பிளந்து திறந்து, கட்டியை எடுத்துவிட வேண்டும்’ என்றார். மே 21 காலையில் ஆபரேஷன் என்று நாள்கூடக் குறித்துவிட்டார்கள்.

இந்த நேரத்தில் இன்னொரு நிபுணரையும் கேட்டுவிடலாம் என்று முடிவாகி, லண்டனிலிருந்து மோரெல் மெக்கன்ஸியை அழைத்தார்கள். தொண்டைக்கென்று லண்டனில் தனி ஆஸ்பத்திரியையே ஆரம்பித்தவர். மே 20 அன்று, அதாவது ஆபரேஷனுக்கு முந்தைய நாள், வந்து இறங்கினார். தொண்டையைப் பார்த்தார். ‘பார்வைக்கு எப்படி இருந்தாலும் சரி, துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் புற்று என்று கத்தி வைக்கக் கூடாது’ என்று உறுதியாக நின்றார்.

துணுக்கு எடுத்தார்கள். அதைப் பார்த்தவர் ருடால்ஃப் விர்ச்சோ. நோயை செல் அளவில் பார்க்க வேண்டும் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர். நோய்க்குறியியல் என்ற துறைக்கே தகப்பன் மாதிரி. முதல் துணுக்கு மிகச் சிறியது, போதவில்லை. மறுபடி எடுத்தார்கள். ஜூன் மாதம் வந்த துணுக்குகளைப் பார்த்து விர்ச்சோ எழுதினார்: தோல் தடித்து மருபோல ஆகியிருக்கிறது, புற்றைச் சந்தேகிக்க வைக்கும் எதுவும் இந்தத் துணுக்குகளில் இல்லை.

ஆபரேஷன் ரத்து. ஜூன் 21 அன்று லண்டனில் மாமியாரின் பொன்விழா ஊர்வலம். ஃபிரெடரிக் வெள்ளைச் சீருடையில் குதிரைமேல் கம்பீரமாக வந்ததைப் பார்த்து ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். அங்கேயே மெக்கன்ஸி மிச்சமிருந்த முளையையும் எடுத்தார். குரல் கொஞ்சம் தெளிந்தது. செப்டம்பரில் மெக்கன்ஸிக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது.

நவம்பரில் இத்தாலியின் சான் ரெமோ கடற்கரையில் ஓய்வில் இருந்தபோது, குரல் நாணுக்குக் கீழே புதிதாக ஒரு கட்டி. இந்தமுறை மெக்கன்ஸிக்கே அது புற்றாகத்தான் பட்டது. வியன்னாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த நிபுணர்கள் அதையே சொன்னார்கள். குரல்வளையை முழுதாக எடுக்கும் ஆபரேஷன் அப்போது இருந்தது. வியன்னாவில் பில்ரோத் 1873-ம் வருடக் கடைசி நாளில் முதன்முதலாகப் புற்றுக்காக அதைச் செய்திருந்தார். ஆனால் அந்தக் காலத்தில் அந்த மேஜையிலிருந்து பிழைத்து எழுந்தவர்களைவிட எழாதவர்களே அதிகம். ஃபிரெடரிக் வேண்டாம் என்றார்.

1888 பிப்ரவரி 9-ம் தேதி மூச்சு அடைத்தது. கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். அதோடு பேச்சு போனது. சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச் 9 அன்று, 90 வயது அப்பா இறந்துபோக, பேச முடியாத ஃபிரெடரிக் ஜெர்மனியின் பேரரசர் ஆனார். துண்டுக் காகிதத்தில் எழுதிக்காட்டித்தான் ஆட்சி நடந்தது. மொத்தம் 99 நாட்கள். ஜூன் 15 அன்று இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குரல்வளையைப் புற்று அரித்துத் தின்றிருந்தது தெரிந்தது. அந்தப் பரிசோதனையில் நின்றவர்களில் ஒருவர், அதே விர்ச்சோ.

அடுத்துப் பட்டத்துக்கு வந்தவர் மகன் இரண்டாம் வில்ஹெல்ம். அவர் காலத்தில்தான் முதல் உலகப்போர். அப்பா பிழைத்திருந்தால் போரே வந்திருக்காது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த மாதிரி ஜோசியத்தில் ஆர்வம் இல்லை. என் ஆர்வமெல்லாம் அந்த ரிப்போர்ட் மேல்தான்.

விர்ச்சோ ஏமாந்தாரா?

ஃபிரெடரிக் இறந்த பிறகு ஜெர்மன் டாக்டர்கள் மெக்கன்ஸியைத் திட்டி ஒரு புத்தகம் போட்டார்கள். மெக்கன்ஸி அவர்களைத் திட்டி இன்னொரு புத்தகம் போட்டார். இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தைப் பேசி முடிக்கவில்லை. அந்த முளைதான் என்ன?

விடைக்கு வழி 1948-ல்தான் திறந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் லாரன் அக்கர்மன் என்ற நோய்க்குறியியல் நிபுணர், வாய்க்குள் வரும் ஒரு விசித்திரமான புற்றைத் தனியாகப் பிரித்து விவரித்தார். வெருக்கஸ் கார்சினோமா. மருவைப் போன்ற புற்று என்று அர்த்தம். பார்ப்பதற்கு வெள்ளையாக, காலிஃபிளவர் பூ மாதிரி இருக்கும். வாயில் வருவது, புகையிலையை மென்று கன்னத்தில் அடக்கிக்கொள்கிறவர்களிடம் அதிகம். நம் ஊரில் வெற்றிலை, பாக்கோடு புகையிலை போடுகிற பாட்டிகள், தாத்தாக்களின் கன்னத்தில் நாங்கள் இதைப் பார்க்கிறோம். குரல்வளையில் வருவது அபூர்வம். நூறு குரல்வளைப் புற்றுகளில் ஒன்றிலிருந்து நான்கு வரை இந்த வகையாக இருக்கலாம். அங்கே புகைதான் பெரும்பாலும் கூட்டாளி.

இதன் குணத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

வழக்கமான புற்று ஆலமரத்து வேர் சுவரைத் துளைப்பதுபோல, மெல்லிய விழுதுகளாகப் பக்கத்துச் சதைக்குள் நுழையும். அதன் செல்களும் கோணல்மாணலாக இருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததும் பிடிபட்டுவிடும். வெருக்கஸ் அப்படி இல்லை. அகலமாக, மொத்தமாக, மெதுவாக அழுத்திக்கொண்டே உள்ளே இறங்கும். அதன் செல்கள் சாதாரணத் தோல் செல்களைப் போலவே சாதுவாக இருக்கும். மேலே கெட்டியான வெள்ளைத் தடிப்பு ஒரு கம்பளிபோல மூடியிருக்கும்.

டாக்டர் குறட்டில் கிள்ளி எடுப்பது பெரும்பாலும் அந்தக் கம்பளியைத்தான். அதில் புற்று இருக்காது. லேபில் பார்ப்பவர் ‘தோல் தடிப்பு’, ‘சாதாரண மரு’ என்றுதான் எழுதுவார். அவர் எழுதியது பொய்யும் இல்லை. அவர் கையில் கிடைத்த துணுக்கில் அவ்வளவுதான் இருந்தது. கட்டியின் அடிப்பாகம், அது கீழே உள்ள சதையை எப்படி அழுத்துகிறது என்பது தெரிந்தால்தான் இந்தப் புற்றை அடையாளம் காண முடியும். அதற்கு ஆழமாக எடுக்க வேண்டும். உங்கள் டாக்டர் கேட்பது அதைத்தான்.

ஃபிரெடரிக்குக்கு வந்தது இந்த வகைதான், அதிலும் கலப்பு வகை என்று பின்னாளில் அந்தப் பழைய பதிவுகளை ஆராய்ந்த நிபுணர்கள் கருதுகிறார்கள். கலப்பு என்றால், சாதுவான வெருக்கஸுக்கு நடுவே ஆங்காங்கே வழக்கமான முரட்டுப் புற்றும் ஒளிந்திருக்கும். விர்ச்சோவுக்குப் போன துணுக்குகளில் சாதுவான பகுதி இருந்தது. முரடு தொண்டையிலேயே தங்கிவிட்டது.

இன்னொன்று. விர்ச்சோ தன் ரிப்போர்ட்டில் ஓர் எச்சரிக்கையும் சேர்த்திருந்தார். எடுத்த இந்தத் துண்டுகளை வைத்து மொத்த நோயைப் பற்றியும் இதே முடிவுக்கு வரலாமா என்பதை நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று. எவ்வளவு கவனமான மனிதர் பாருங்கள்! ‘புற்று இல்லை’ என்ற சந்தோஷத்தில் அந்த வரி அமுங்கிப்போனது.

மெக்கன்ஸியை வில்லனாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பயாப்ஸி இல்லாமல் கத்தி வைக்காதே என்று அவர் பிடித்த பிடிவாதம்தான் இன்று உலகம் முழுக்கச் சட்டம் மாதிரி இருக்கிறது. அதைத் தொடங்கிவைத்ததற்கு அவருக்குக் கும்பிடு போடலாம். சறுக்கியது அதற்கு அடுத்த படியில். கண்ணுக்குத் தெரிந்தது ஒன்று, ரிப்போர்ட் சொன்னது வேறு. கட்டி திரும்பத் திரும்ப முளைத்துக்கொண்டே இருந்தது. அந்த முரண்பாட்டைத் தீர்க்காமல் ரிப்போர்ட்டையே கடைசி வார்த்தையாக எடுத்துக்கொண்டார்கள்.

இன்று எப்படிப் பார்க்கிறோம்

கண்ணாடிக்குப் பதில் இன்று மூக்கு வழியாக விடும் மெல்லிய கேமரா. மரத்துப்போகும் ஸ்பிரே அடித்துவிட்டு, உட்கார வைத்தே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். வலிக்காது, கொஞ்சம் கண்ணீர் வரும், தும்மல் வரும், அவ்வளவுதான். குரல் நாண் அதிர்வதை மெதுவாக ஓட்டிக்காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோப்பி வசதியும் பெரிய ஊர்களில் இருக்கிறது. நாணின் ஒரு பகுதி விறைத்துப்போய் அதிராமல் இருந்தால், ஆழத்தில் ஏதோ பிடித்திருக்கிறது என்று சந்தேகிப்போம்.

துணுக்கு எடுக்க மயக்கம் கொடுத்து, மைக்ராஸ்கோப் வைத்து, வாய் வழியாகவே எடுக்கிறோம். வெளியில் தையல் இருக்காது. பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். மரு மாதிரியான கட்டியில் மேலாகக் கிள்ளாமல் அடியோடு சேர்த்து எடுப்பதுதான் முறை. சின்னக் கட்டியாக இருந்தால் முழுவதையும் எடுத்தே அனுப்பிவிடுவோம். பரிசோதனையும் ஆயிற்று, வைத்தியமும் பாதி ஆயிற்று. பிறகு ஆபரேஷன் செய்தவரும் லேபில் பார்ப்பவரும் போனிலாவது பேசிக்கொள்ள வேண்டும். ‘இங்கே பார்வைக்கு இப்படி இருந்தது, உங்களுக்கு எப்படித் தெரிகிறது’ என்று. சில அபூர்வப் புற்றுகள் இந்தப் பேச்சில்தான் பிடிபடுகின்றன.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. டி.பி. குரல்வளையிலும் வரும். பார்ப்பதற்குப் புற்று மாதிரியே இருக்கும். சில பூஞ்சைத் தொற்றுகளும் அப்படித்தான். அதனால் பயாப்ஸி என்பது புற்றைக் கண்டுபிடிக்க மட்டும் இல்லை. மாத்திரையில் தீரக்கூடிய டி.பி.யைப் புற்று என்று நினைத்துக் குரல்வளையை இழக்காமல் இருக்கவும் அதுதான் வழி.

அடுத்து, மாமியாருடைய பயம். இதை அவர் மட்டும் சொல்லவில்லை, ‘கத்தி பட்டா பரவிடும்’ என்று டீக்கடை முதல் கல்யாண மண்டபம் வரை சொல்கிறார்கள். குரல்வளையில் துணுக்கு எடுப்பதால் புற்று வருவதும் இல்லை, பரவுவதும் இல்லை. இந்தப் பேச்சு எப்படி வந்தது என்று யோசித்தால், முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், பயாப்ஸி செய்கிறோம், நோய் தன் போக்கில் வளர்கிறது. பழி கத்திமேல் விழுகிறது. பெரியவரை எதிர்த்துப் பேச வேண்டாம். அடுத்தமுறை டாக்டரைப் பார்க்கும்போது கூடவே அழைத்துப் போங்கள். அவரே கேட்கட்டும், டாக்டர் நேரிலேயே சொல்லட்டும்.

சரி, வெருக்கஸ்தான் என்று வந்துவிட்டால்?

இதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். புற்றுகளில் வந்தாலும் வரலாம் என்று சொல்லத்தக்கது இது. கலப்பில்லாத வெருக்கஸ் நிணநீர்க் கணுக்களுக்கோ நுரையீரலுக்கோ பரவுவது அநேகமாக இல்லை. சில சமயம் கழுத்தில் நெரிகட்டும், அது பெரும்பாலும் அழற்சியால் வீங்கியது. அதற்காகக் கழுத்தைத் திறக்க வேண்டியதில்லை. வாய் வழியாக லேசர் வைத்துக் கட்டியைச் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்து எடுத்துவிட்டால், பெரும்பாலானவர்களுக்கு அத்தோடு தீர்ந்தது. குரல் பழையபடி கணீரென்று இருக்காது, கொஞ்சம் கரகரப்பு தங்கும். ஆனால் அது அவர்களுடைய சொந்தக் குரல்.

ரேடியேஷன் இதற்கு அறுவை அளவுக்கு நம்பகமானது இல்லை. ஒரு காலத்தில், ரேடியேஷன் கொடுத்தால் வெருக்கஸ் முரட்டுப் புற்றாக மாறிவிடும் என்றே பயந்தார்கள். அப்படி மாறியதாகச் சொல்லப்பட்ட பலவற்றில் முரடு முதலிலிருந்தே ஒளிந்திருந்திருக்கலாம் என்பது பின்னால் வந்த விளக்கம். அறுவை தாங்க முடியாத உடம்புக்கு ரேடியேஷன் இன்றும் ஒரு வழிதான். கலப்பு வகை என்றால் வழக்கமான குரல்வளைப் புற்றுக்குச் செய்யும் வைத்தியம் எல்லாம் தேவைப்படும்.

அதனால்தான் பெயரைச் சரியாகக் கண்டுபிடிப்பதில் இவ்வளவு மெனக்கெடுகிறோம். மரு என்று நினைத்து விட்டுவிட்டால் குருத்தெலும்பு வரை அரித்துவிடும். வழக்கமான புற்று என்று நினைத்துவிட்டால் தேவையில்லாத ரேடியேஷன், தேவையில்லாத கீமோ, சில சமயம் குரல்வளையையே தேவையில்லாமல் இழப்பது.

பயாப்ஸிக்குக் கண்ணாமூச்சி காட்டுவது இது மட்டும் இல்லை. குரல்வளையின் அடியில் மோதிரம் மாதிரி ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. அபூர்வமாக அதிலேயே ஒரு புற்று வரும், காண்ட்ரோசார்கோமா என்று பெயர். மேலே தோல் பளபளவென்று நன்றாக இருக்கும், குறடு வைத்தால் கல் மாதிரி வழுக்கும். சி.டி. ஸ்கேனில் சோளப்பொரி சிதறியதுபோலச் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிந்தால் பிடித்துவிடலாம். இதுவும் பெரும்பாலும் நிதானமான ரகம். முடிந்தவரை குரல்வளையைக் காப்பாற்றித்தான் எடுப்பார்கள். தொண்டையின் சின்னச் சின்ன உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வரும் அடினாய்டு சிஸ்டிக் என்ற வகை இதற்கு நேர்மாறு. மெதுவாகத்தான் வளரும், ஆனால் நரம்பைப் பிடித்துக்கொண்டே தூரம் போகும். பத்து, பதினைந்து வருடம் கழித்துக்கூட நுரையீரலில் தலைகாட்டும். ‘ஐந்து வருடம் ஆயிற்று, இனி செக்கப் வேண்டாம்’ என்ற கணக்கு இதனிடம் செல்லாது.

குரல்வளையையே முழுதாக எடுக்க வேண்டிவந்தால்கூட, ஃபிரெடரிக் மாதிரி துண்டுச் சீட்டோடு காலம் தள்ள வேண்டியதில்லை. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஒரு சின்ன வால்வைப் பொருத்திப் பேசவைக்கும் முறையை 1980-ல் அமெரிக்காவில் சிங்கர், ப்ளோம் என்ற இருவர் வெளியிட்டார்கள். வெளிநாட்டு வால்வுகள் விலை அதிகம், அவ்வப்போது மாற்றவும் வேண்டும். பெங்களூரில் விஷால் ராவ் என்ற புற்றுநோய் அறுவை நிபுணர் சுமார் 50 ரூபாய் அடக்கத்தில் ஒன்றை உருவாக்கிக் காட்டினார். ‘ஆம் வாய்ஸ்’ என்று அதற்குப் பெயர்.

எப்போது பார்க்க வேண்டும்?

இதைப் படித்துவிட்டுத் தொண்டை கட்டிய எல்லோரும் கலங்க வேண்டாம். குரல் கரகரப்புக்கு நூறு காரணம். சளி, கத்திப் பேசுவது, நெஞ்செரிச்சல், தைராய்டு. வகுப்பில் கத்தும் டீச்சர்களுக்கும், கூவி விற்கும் வியாபாரிகளுக்கும் குரல் நாணில் காய்ப்பு வரும். அது புற்று இல்லை. மிளகு பாலும் சுக்குக் கஷாயமும் சளிக்குக் குடியுங்கள், ஆட்சேபணை இல்லை. ஆனால் கரகரப்பு மூன்று வாரத்தைத் தாண்டினால், கஷாயத்தை வைத்துவிட்டு ஈ.என்.டி. டாக்டரிடம் தொண்டையைக் காட்டிவிட வேண்டும். புகைப்பவர், குடிப்பவர், புகையிலை போடுபவர் என்றால் ஒருநாள்கூடத் தள்ள வேண்டாம். விழுங்கும்போது வலி, ஒரு பக்கக் காதில் மட்டும் வலி, சளியில் ரத்தம், கழுத்தில் கட்டி, மூச்சு விடும்போது சத்தம் என்று கூடவே ஏதாவது இருந்தால் மூன்று வாரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

கடைசியாக, உங்கள் கணவர் விஷயத்துக்கு உதவும் ஒரு தகவல். டாக்டர்மேல் சந்தேகம் என்று எழுதியிருந்தீர்கள். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதற்கு மறுபடி துணுக்கு எடுக்க வேண்டியதுகூட இல்லை. முதலில் எடுத்த துணுக்கை லேபில் ஒரு மெழுகுக் கட்டியில் பதித்துப் பத்திரமாக வைத்திருப்பார்கள். ‘பிளாக்’ என்று சொல்வார்கள். அதிலிருந்து சீவிய கண்ணாடித் தகடுகள்தான் ‘ஸ்லைடு’. இரண்டையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு, எண்டோஸ்கோப்பி படத்தையும் சேர்த்து, புற்றுநோய் மருத்துவமனை எதிலாவது இன்னொரு நிபுணரிடம் காட்டலாம். அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இதைப் பார்ப்பார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், ஆபரேஷன் தேவைப்பட்டால் அதற்கு உதவுமா என்று அங்கேயே விசாரித்துவிடுங்கள்.

அவர்களிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: ‘இந்தத் துணுக்கு அடி வரைக்கும் இருக்கிறதா, மேல் தோல் மட்டும்தானா?’ மேல் தோல் மட்டும்தான் என்று பதில் வந்தால், இரண்டாவது பயாப்ஸிக்குத் தேதி வாங்கிவிடுங்கள். அதுவரை சிகரெட் பாக்கெட் வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.